அங்கோர்: மூன்று நாள் நுழைவுச் சீட்டில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு கம்போடியாவுக்குச் சென்று அங்கோர் கோயில்களைப் பார்த்து வரத் திட்டமிட்டிருக்கிறேன். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிற்கலையிலும் கல்வெட்டுகளிலும் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். அம்மாவுக்கு இராமாயண, பாரதக் கதைகள் அனைத்தும் மனப்பாடம். ஆனால் அவருக்கு மூட்டுவலி இருப்பதால் செங்குத்தான படிகளில் ஏற இயலாது.

நாங்கள் அணுகிய பயண முகவர் இரண்டே நாட்களில் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டுவதாக ஒரு நிரல் தந்திருக்கிறார். அதைப் படித்தபோதே எனக்கு மலைப்பாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, நின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காக இவ்வளவு தூரம் போக எங்களுக்கு விருப்பமில்லை. மூன்று நாள் நுழைவுச் சீட்டு வாங்குவதாக வைத்துக்கொண்டால் எந்தக் கோயில்களை, எந்த வரிசையில் பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும்? எவற்றை மனக்குறையின்றி விட்டுவிடலாம்? அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்ப்பதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அதற்காக முதியவர்களை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்புவது தகுமா? சென்று வந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கற்றளி எழுதியது:

வணக்கம். முகவரின் நிரலை ஒதுக்கியது நல்ல முடிவு. அந்த நிரல்களெல்லாம் பெரும்பாலும் சிறு சுற்று, பெருஞ்சுற்று என்னும் இரு சாலைகளைப் பின்பற்றி அமைக்கப்படுபவை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வாகனப் பயணிகளின் வசதிக்காக வகுக்கப்பட்ட அந்தச் சாலைகளில் போனால், 12ஆம் நூற்றாண்டுக் கோயிலிலிருந்து 10ஆம் நூற்றாண்டுக்கும், அங்கிருந்து மீண்டும் 12ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் தாவிக்கொண்டே இருக்க நேரும். சாலை மிச்சமாகும், ஆனால் கம்போடியாவின் கெமர் இனச் சிற்பிகள் நானூறு ஆண்டுகளில் எதைக் கற்றார்கள், எதை மாற்றினார்கள் என்பது பிடிபடாது. தங்கள் தந்தையைப் போன்ற ஒருவருக்குக் கால வரிசையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதல் நாளை, அங்கோர் வாட்டை எட்டிக்கூடப் பார்க்காமல், அங்கோருக்கு அருகே நீங்கள் தங்கப்போகும் சியெம் ரீப் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொலுவோஸில் தொடங்குங்கள். அங்கோருக்கு முன் தலைநகராக இருந்த ஹரிஹராலயம் அதுதான். முதலாம் இந்திரவர்மன் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுப்பித்த பிரியா கோ, ஒரே மேடைமீது ஆறு செங்கற் கோபுரங்களைக் கொண்டது. அவை அரசனின் முன்னோர் நினைவாகச் சிவனுக்கும் தேவிக்கும் அமைக்கப்பட்டவை. செங்கல்லின் மேல் பூசிய சுதைவேலைப்பாட்டின் எச்சங்களை இன்றும் காணலாம். சற்றுத் தள்ளி, 881இல் நிறுவப்பட்ட பக்கோங் இருக்கிறது. ஐந்து அடுக்குகளாக உயரும் மேடை, சுற்றிலும் அகழி, மேலே கருவறை என மேருமலையைக் கல்லில் எழுப்பும் எண்ணம் அங்கே பெரிய அளவில் உருப்பெற்றுவிட்டது. இதே எண்ணம் 10ஆம் நூற்றாண்டில் இராஜேந்திரவர்மன் 961இல் எழுப்பிய பிரே ரூப்பில் இன்னும் உயர்ந்து நிற்கிறது. இந்த மூன்றையும் பார்த்த பிறகு அங்கோர் வாட்டின் முன் நிற்பவருக்கு, அந்தக் கோயில் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கெமர் சிற்பிகள் வளைவுகளைக் கட்டும்போது கற்களை ஒன்றைவிட ஒன்று சற்றே முன்னே நீட்டி அடுக்கி, உச்சியில் சேர்த்தார்கள். அந்த முறையில் அகலமான கூடங்களை மூட முடியாது. அங்கோரின் நடைகளும் அறைகளும் வெளியிலிருந்து பார்க்கும் பிரம்மாண்டத்துக்குப் பொருந்தாத அளவு ஒடுக்கமாக இருப்பதற்கும், மரவேர்கள் நுழைந்த இடங்களில் கூரைகள் வரிசையாகச் சரிந்து கிடப்பதற்கும் இதுவே காரணம். இதை அறிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு இடிபாடும் தன் கதையைத் தானே சொல்லும்.

இரண்டாம் நாள் அங்கோர் வாட், அதுவும் முழுநாள். மூன்றாம் நாள் பிற்காலத் தலைநகரான அங்கோர் தோமும் அதன் நடுவிலுள்ள பாயோன் கோயிலும், நேரமிருந்தால் தா புரோம் கோயிலும். சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கென்று புனோம் பாக்கெங் குன்றில் ஏறுவதை விட்டுவிடுங்கள். 900 அளவில் முதலாம் யசோவர்மன் எழுப்பிய அந்தக் கோயில் வரலாற்றில் முதன்மையானதுதான். ஆனால் மாலை வேளையில் மேல்தளத்தில் ஒரே நேரத்தில் 300 பேரைத்தான் அனுமதிக்கிறார்கள் என்பதால் அங்கே காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். ஏற்றமும் தங்கள் தாயாருக்கு ஏற்றதன்று.

வழித்துணை எழுதியது:

நடைமுறைச் செய்திகள் சிலவற்றை மட்டும் நான் சேர்க்கிறேன். ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள கட்டணம். புறப்படுமுன் அங்கோர் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்து, அங்கேயே வாங்கிவிடுங்கள். மூன்று நாள் சீட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டிய கட்டாயமில்லை. பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாட்களில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். முதியவர்களுடன் செல்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஒரு நாள் கோயில், மறுநாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டு, ஓய்வு நாளில் நகரிலுள்ள அங்கோர் தேசிய அருங்காட்சியகத்தைக் குளிரூட்டப்பட்ட கூடங்களில் நிதானமாகப் பார்க்கலாம்.

அங்கோர் வாட்டின் மூன்றாவது தளமான பாகானுக்குச் செங்குத்தான மரப்படிகளில்தான் ஏற வேண்டும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருந்தால்தான் அனுமதிப்பார்கள். பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளம் மூடியிருக்கும். தாயார் அதைத் தவிர்த்துவிடலாம். அதனால் அவர் எதையும் பெரிதாக இழக்க மாட்டார், ஏனென்றால் புகழ்பெற்ற புடைப்புச் சிற்பங்கள் அனைத்தும் கீழே, முதல் தளத்தின் சுற்றுநடையில்தான் இருக்கின்றன.

ஜனவரி நல்ல பருவம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் இல்லை, ஏப்ரல் மாதத்தின் கொடிய வெயிலும் இல்லை. இருந்தாலும் நண்பகல் பதினொன்று முதல் இரண்டு வரை அறைக்குத் திரும்பிவிடுவது நல்லது. 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தங்கும் விடுதியிடமே வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். பாங்காக் வழியாகத் தரைமார்க்கமாகப் போகும் பழைய யோசனைகளை இணையத்தில் படித்திருந்தால் அவற்றைக் கைவிடுங்கள். 2025இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே மோதல் வெடித்தபின் எல்லைவழிகள் மூடப்பட்டன. விமானத்தில் செல்வதே பாதுகாப்பு. எல்லையிலுள்ள பிரியா விகாரைக் கோயிலையும் இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, கெமர் சமையலில் மீன்சாறும் புளிக்கவைத்த மீனும் காய்கறி உணவுகளில்கூடச் சேர்வதுண்டு. பெற்றோர் சைவ உணவினர் என்றால் ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். சியெம் ரீப்பில் இந்திய உணவகங்களும் இருக்கின்றன. டாலர் நோட்டுகள் கிழிசலின்றி இருக்கட்டும். சிறு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர்கள் வாங்க மறுப்பார்கள்.

ஆலங்காடு எழுதியது:

கற்றளி ஐயாவின் கால வரிசையை மதிக்கிறேன். ஆனால் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

முதலாவது, பந்தே ஸ்ரீ அவருடைய நிரலில் இல்லவே இல்லை. மற்றக் கோயில்களிலிருந்து வடகிழக்கே விலகி இருப்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். தமிழ் படித்த ஒருவரை அங்கோர் வரை அழைத்துச் சென்றுவிட்டு அந்தக் கோயிலைக் காட்டாமல் திரும்பக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 967இல் நிறுவப்பட்ட அது அரசன் கட்டியதன்று. யஜ்ஞவராகன் என்னும் அரச குரு எடுப்பித்த சிவன் கோயில். இளஞ்சிவப்பு மணற்கல்லில், மரத்தில் இழைத்தாற்போன்ற நுணுக்கத்தோடு செதுக்கப்பட்டது. தெற்கு நூலகத்தின் முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். அதன் மறுபக்கத்தில் காமன் எரிகிறான். கிழக்குக் கோபுரத்தின் முகப்பில் பத்துக் கைகளுடன் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் ஒரு புறம், வற்றிய உடலும் தளர்ந்த மார்புமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். திருவாலங்காட்டுப் பதிகத்தில் தம் பேயுருவைத் தாமே பாடிய அம்மையார், தமிழ்நாட்டுக்கு இத்தனை தொலைவில், கெமர் சிற்பியின் உளியில் அதே கோலத்தில் இடம்பெற்றிருக்கிறார். இந்தக் கதை எந்த வழியாக அங்கே சென்றது, யார் சொல்லி அந்தச் சிற்பி செதுக்கினான் என்று தங்கள் தந்தையார் அந்த வாசலில் நின்று யோசிக்கும் அரைமணி நேரத்துக்கு, வேறு ஐந்து கோயில்கள் ஈடாகா.

கோயில் சிறியது, தரைமட்டத்தில் உள்ளது, படிகள் மிகக் குறைவு என்பதால் தாயாருக்கும் எளிது. காலை ஏழரை மணிக்குத் திறந்தவுடன் சென்றுவிட்டால் கூட்டமும் இருக்காது, அந்த வேளை வெளிச்சத்தில் கல்லின் நிறமும் நன்றாகத் துலங்கும்.

இரண்டாவது, அங்கோர் வாட்டை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம்; இரண்டு அரைநாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே மாலை வெயில்தான் அதன் முகத்தில் விழுகிறது. உதயத்தில் தெரிவது கோபுரங்களின் நிழலுருவம் மட்டுமே. அந்தக் காட்சி அழகானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குளக்கரையில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடுவே தாயாரை இருட்டில் நிற்கவைப்பதற்குப் பதிலாக, உதயம் முடிந்து பெரும்பாலோர் காலைச் சிற்றுண்டிக்குத் திரும்பும் நேரத்தில் உள்ளே செல்லுங்கள். கிழக்கு வாயில் வழியாக மரங்களுக்கிடையே செல்லும் மண்பாதை சமதளமானது; அவ்வழியே வந்தால் பாற்கடல் கடையும் சிற்பம் உள்ள கிழக்கு நடைக்கு நேராக வந்து சேரலாம்.

அந்த நடையை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். சிற்பங்கள் இடஞ்சுழியாக, அதாவது நாம் கோயிலை வலம்வரும் திசைக்கு நேர்மாறாக ஓடுகின்றன. மேற்குப் பார்த்த வாயிலையும் இந்த வரிசையையும் வைத்துத்தான், இது, இதைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் நீத்தார் நினைவுக் கோயிலாகவும் எண்ணப்பட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மேற்கு நடையின் வடபாதியில் இலங்கைப் போர்: அனுமனின் தோள்மேல் நின்று இராமன் அம்பெய்கிறான். அதே நடையின் தென்பாதியில் குருக்ஷேத்திரம்: அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதைத் தாயார் தாமே கண்டுபிடித்துவிடுவார். தெற்கு நடையில் அரசனின் படைப்பவனி. அடுத்து, எருமைமீது அமர்ந்த யமனின் தீர்ப்பும் 37 சொர்க்கங்களும் 32 நரகங்களும். பிறகு கிழக்கு நடையின் தென்பாதியில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல்: ஒருபுறம் 92 அசுரர்கள், மறுபுறம் 88 தேவர்கள், நடுவில் ஆமையின் மேல் மத்து, அதைப் பற்றி நிற்கும் திருமால். இதற்கு அப்பால் வடகிழக்கிலுள்ள பகுதிகள் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை, கைத்திறனும் குறைவு. களைப்பாக இருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காரைக்கால் அம்மையாரைப் பற்றிய செய்தியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பந்தே ஸ்ரீ உறுதியாகிவிட்டது. சோழர்களுக்கும் காம்போச அரசர்களுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததா என்று அவர் கேட்கச் சொன்னார். இன்னொரு கேள்வி என்னுடையது. மரவேர்கள் கட்டிப்பிடித்திருக்கும் தா புரோமை அப்படியே விட்டுவைத்திருப்பது சரியா? படங்களைப் பார்க்கும்போது அழகாக இருந்தாலும், ஒரு கோயில் கண்முன்னே அழிய விடப்படுகிறதோ என்ற வருத்தமும் எழுகிறது.

கற்றளி எழுதியது:

தங்கள் தந்தையாரின் கேள்விக்கு முதலில். தொடர்பு இருந்தது. கரந்தைச் செப்பேடுகள், காம்போச மன்னன் முதலாம் இராஜேந்திர சோழனின் நட்பை நாடித் தேர் அனுப்பியதைக் குறிப்பிடுகின்றன. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1114இல், காம்போச அரசன் சோழனுக்கு அளித்த ஒரு கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதாகவும் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறியது 1113இல் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அதற்காக, அங்கோர் வாட்டைத் தமிழர்கள் கட்டினார்கள் என்று சமூக ஊடகங்களில் சுற்றிவரும் கூற்றை ஏற்றுக்கொள்ள வேண்டாம். அதற்குச் சான்று இல்லை. கெமர் மக்களின் நானூறு ஆண்டு உழைப்பை நாம் நம்முடையதென்று எடுத்துக்கொள்வது நேர்மையாகாது. இரு அரசுகளும் ஒன்றையொன்று மதித்துப் பரிசு அனுப்பிய செய்தியே நமக்குப் போதுமான பெருமை.

ஆலங்காடு அவர்களின் திருத்தங்களை முழுமையாக ஏற்கிறேன். பிரே ரூப்பையும் பந்தே ஸ்ரீயையும் ஒரே நாளில் இணைத்தால் கால வரிசையும் குலையாது. இரண்டும் ஆறே ஆண்டு இடைவெளியில் எழுந்தவை, ஒன்று அரசனுடையது, மற்றொன்று குருவினுடையது. அந்த நாளின் மாலையை அங்கோர் வாட்டின் மேற்கு முகத்துக்கு ஒதுக்குங்கள், மறுநாள் காலையை அதன் நடைகளுக்கு.

தா புரோமைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர் எழுதட்டும்.

பழங்கல் எழுதியது:

பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

ஏழாம் ஜெயவர்மன் தன் தாயின் நினைவாக 1186இல் நிறுவிய தா புரோம், கைவிடப்பட்ட நிலையில் கிடப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் கடும் பராமரிப்பில் இருக்கும் கோயில். அங்கோரைக் கண்டவர்கள் முதலில் அடைந்த வியப்பைப் பின்வருவோரும் உணரட்டும் என்று பிரெஞ்சு அறிஞர்கள் இந்தக் கோயிலை மட்டும் பெருமளவு காட்டோடு விட்டுவைத்தார்கள். ஆனால் மரம் வளர்கிறது, முதிர்கிறது, புயலில் சாய்கிறது. சாயும்போது சுவரையும் தன்னோடு கொண்டுபோகிறது. வேர் கல்லைப் பிளக்கவும் செய்கிறது, சில இடங்களில் அதே வேர்தான் சுவரைத் தாங்கியும் நிற்கிறது. மரத்தை வெட்டினால் வேர் மட்கி, அந்த இடைவெளியில் கட்டடம் சரியும். ஆகவே ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே ஆராய்ந்துதான் முடிவெடுக்க முடியும். இந்திய அரசின் உதவியோடு நம் தொல்லியல் துறையினர் 2000களின் தொடக்கத்திலிருந்து அங்கே இந்தப் பணியைச் செய்துவருகிறார்கள். இடிந்து கிடந்த நடைகள் பலவற்றை, விழுந்த கற்களை அடையாளம் கண்டு, அவற்றைக் கொண்டே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். பெரிய மரங்களுக்குத் தாங்கிகள் கொடுத்திருக்கிறார்கள். தாங்கள் அங்கே இரும்புத் தாங்கிகளையும் மரப்பாதைகளையும் காணும்போது, காட்சியைக் கெடுக்கிறதே என்று எண்ணாமல் அவை எதைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன என்று பார்க்க வேண்டுகிறேன்.

இதே துறை 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டிலும் பணியாற்றியது. உள்நாட்டுப் போர் முற்றிலும் ஓயாத, வேறு நாடுகள் வரத் தயங்கிய காலம் அது. அப்போது கற்களைத் தூய்மைப்படுத்திய முறை பின்னாளில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாயோனுக்குச் செல்லும் வழியில், உள்ளே போகாவிட்டாலும், பாபுவோனை வெளியிலிருந்து பார்த்துவிடுங்கள். 11ஆம் நூற்றாண்டுக் கோயிலான அதைச் சீரமைப்பதற்காக ஏறத்தாழ 3 லட்சம் கற்களைப் பிரித்து, எண்ணிட்டு, காட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். 1970களில் போரும் கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியும் வந்தன. எந்தக் கல் எங்கே இருந்தது என்று குறித்துவைத்த ஆவணங்கள் அழிந்துபோயின. 1995இல் பணியை மீண்டும் தொடங்கியவர்கள், ஒவ்வொரு கல்லாக அளந்து, இடம் தேடிப் பொருத்தி, 2011இல் முடித்தார்கள். அந்தச் சுவரின் முன் நிற்கும்போது எனக்கு அதைக் கட்டியவர்கள் மீது உள்ள மதிப்புக்குச் சற்றும் குறையாத மதிப்பு, அதை மீண்டும் அடுக்கியவர்கள் மீதும் உண்டாகிறது.

பாயோனில் மேல்தளத்து முகங்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். தாயார் கீழே வெளிச்சுற்றில் இருக்கும் சிற்பங்களைப் பார்க்கட்டும். அங்கோர் வாட்டில் தேவர்களும் அரசர்களும் இருந்த இடத்தில், இங்கே சந்தையில் மீன் விற்கும் பெண்களும், சேவற்சண்டை பார்க்கும் கூட்டமும், அடுப்பூதிச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள். 1177இல், இன்றைய வியட்நாம் பகுதியிலிருந்த சம்பா நாட்டவர் தலைநகரைச் சூறையாடிய பின் ஆட்சிக்கு வந்து, 102 மருத்துவமனைகளை நடத்தியதாகத் தா புரோம் கல்வெட்டில் குறிப்பிடப்படும் அதே ஏழாம் ஜெயவர்மனின் கோயிலில், சாதாரண மக்கள் இவ்வளவு இடம் பெற்றிருப்பது நின்று பார்க்கத் தகுந்தது.

வழிகாட்டி வைத்துக்கொள்வதென்றால், அரசு உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியை அங்கோர் வாட் நாளுக்கும் பாயோன் நாளுக்கும் மட்டும் அமர்த்துங்கள். பந்தே ஸ்ரீயில் தங்கள் தந்தையாரே போதும். ரொலுவோஸில் டுக்-டுக் ஓட்டுநரிடம், அவசரமில்லை, ஒவ்வொரு கோயிலிலும் ஒரு மணி நேரமாவது ஆகும் என்று காலையிலேயே சொல்லி, கூலியையும் முழுநாளுக்கென்று பேசி வைத்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இராது.